பூ நிற்காத செடிகள்: ஒரு காலக் கணக்கு

மாடித் தோட்டக்காரர்கள் கூடும் இடத்திலும் நாற்றுப் பண்ணையிலும் விதைத் திருவிழாவிலும் தவறாமல் காதில் விழும் புகார் ஒன்று உண்டு. செடி செழிப்பாக இருக்கிறது, பூவும் பூக்கிறது, ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் தெளிக்கும் மருந்தாகவே இருக்கும். கடைக்காரர் பிளானோஃபிக்ஸ், போரான், நுண்ணூட்டக் கலவை என்று எடுத்து வைப்பார். இயற்கை வழியில் நிற்பவர்கள் தேமோர் கரைசல், பஞ்சகவ்யம், பெருங்காயத் தண்ணீர் என்பார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று ஏற்பதில்லை என்றாலும் இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: செடிக்கு ஏதோ குறைகிறது, அதைக் கொடுத்துவிட்டால் பூ காயாகிவிடும்.

இந்த எண்ணம் பெரும்பாலான நேரங்களில் பொருந்துவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். காய்கறிச் செடிகளில் பூ நிற்காமல் போவதற்கு ஊட்டக் குறைவைவிடக் காலப் பொருத்தம் தவறுவதே பெரிய காரணம். பூ எந்த மணிக்கு விரிகிறது, அந்த நேரத்தில் எந்தப் பூச்சி வருகிறது, பத்து நாளைக்கு முந்தைய இரவுகள் எவ்வளவு வெக்கையாக இருந்தன, விதை எந்த மாதத்தில் விழுந்தது என்று நான்கைந்து கேள்விகளைக் கேட்டால் விடை தெரிந்துவிடும். அந்த விடையும் செடிக்குச் செடி மாறும். சுரைக்குச் சொன்னது தக்காளிக்கு ஆகாது, தக்காளிக்குச் சொன்னது முருங்கைக்கு ஆகாது. எல்லாச் செடிக்கும் ஒரே மருந்து என்று சொல்பவரிடம் மருந்து வாங்கும் முன், உதிர்ந்த பூவைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

கொடிகளிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் புகார்களில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. பூசணி, பரங்கி, சுரை, பீர்க்கு, புடல், பாகல், வெள்ளரி எல்லாமே ஒரே கொடியில் ஆண் பூவையும் பெண் பூவையும் தனித்தனியாகப் பூப்பவை. ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். பெண் பூவுக்கு இதழுக்குக் கீழே, மொட்டாக இருக்கும்போதே, ஒரு பிஞ்சு இருக்கும். பரங்கியில் அது கோலிக்குண்டு அளவு, பாகலில் முள்ளு முள்ளாக ஒரு விரல்நுனி அளவு, புடலில் நூலாக நீண்ட பச்சைக் கோடு. கொடியில் முதலில் வருபவை ஆண் பூக்கள். ஒன்றிரண்டு வாரம் அவை மட்டுமே பூத்து உதிரும். அது கோளாறே அல்ல. பந்தலுக்கு அடியில் மஞ்சள் பூக்கள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்து மனம் பதறி மருந்தடிப்பவர்கள் எத்தனையோ பேர். உதிர்ந்ததை எடுத்துக் காம்பைப் பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

பெண் பூ வரவேண்டிய காலத்திலும் வராமல் ஆண் பூவே தொடர்ந்தால் அப்போது யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜே. பி. நிட்சும் அவருடைய கூட்டாளிகளும் 1952இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பூசணி இனக் கொடி வளர வளர ஆண் பூக் கட்டம், கலப்புக் கட்டம், பெண் பூக் கட்டம் என்று ஒரு வரிசையில் நகர்கிறது. வெப்பமும் நீண்ட பகலும் ஆண் கட்டத்தை இழுத்து நீட்டுகின்றன. குளிர்ந்த இரவும் குறுகிய பகலும் பெண் பூவைச் சீக்கிரம் கொண்டு வருகின்றன. பங்குனி, சித்திரையில் முளைத்த பரங்கி வெறும் ஆண் பூவாகக் கொட்டுவதற்கும், ஆடியில் போட்டது ஒழுங்காகக் காய்ப்பதற்கும் இதில் பெரும் பங்கு இருக்கிறது. தழைச்சத்து அளவுக்கு மீறிப் போனாலும் இதே கதைதான். இலை தாமரை இலை அளவுக்கு விரியும், பெண் பூவைக் காணோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு பூ ஆணா பெண்ணா என்பது அது கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது. அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூசணிக்குப் பரிந்துரைக்கும் எத்ரல் தெளிப்பு, விதைத்த 10 முதல் 15 நாளில், கொடி இன்னும் நாற்றுப் பருவத்தில் இருக்கும்போதே தொடங்குகிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி என்ற அளவில், வாரம் ஒரு முறையாக நான்கு முறை. எத்ரல் செடிக்குள் போய் எத்திலீன் வாயுவை விடுவிக்கிறது, அது பெண் பூவைத் தூண்டுகிறது. பந்தல் முழுக்கப் படர்ந்து, ஆண் பூவாகக் கொட்டத் தொடங்கிய பிறகு அதே மருந்தை அடித்தால் அந்தப் பலன் கிடைக்காது. வீட்டுக்கு நாலு கொடி வைத்திருப்பவருக்கு எத்ரலே தேவையில்லை என்பது என் கருத்து. சுரைக்கு நுனியைக் கிள்ளிவிடுவது போதும். இணையத்தில் 3ஜி கட்டிங் என்று பிரபலமாகியிருக்கும் முறைக்கு அடிப்படை உண்மை உண்டு: சுரையில் தலைக்கொடியைவிடப் பக்கக் கொடிகளில்தான் பெண் பூ அதிகம் வரும்.

பெண் பூ வந்துவிட்டது, அதன் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறது என்றால் கேள்வி மணிக்கணக்குக்கு மாறுகிறது. பரங்கிப் பூ விடியலுக்குச் சற்று முன் விரிந்து, வெயில் ஏறினால் ஒன்பது பத்து மணிக்கே வாடத் தொடங்கும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். பீர்க்கு மாலையில் விரியும். சுரையின் வெள்ளைப் பூ பொழுது சாயும்போது விரிந்து இரவெல்லாம் திறந்திருக்கும். புடலும் இரவுப் பூதான், விளிம்பெல்லாம் நூலிழையாகப் பிரிந்து கிடக்கும் அந்தப் பூவை நல்ல வெளிச்சத்தில் பார்த்தவர்களே குறைவு. சுரைக்கும் புடலுக்கும் வருபவை அந்திப் பூச்சிகள், குறிப்பாக நீண்ட உறிஞ்சியுள்ள அந்துப்பூச்சிகள். பகலில் பந்தலைச் சுற்றும் தேனீயை நம்பி இந்தக் கொடிகளைக் கணக்குப் போட முடியாது. காலை ஏழு மணிக்கு எழுந்து சுரைப் பூவைத் தேடி, வாடிய பூவில் மகரந்தம் தடவிவிட்டு, பலனில்லை என்று கைவிடுபவர்கள் நேரத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

கையால் மகரந்தம் சேர்ப்பது கடினமான வேலை அல்ல. பரங்கியில் முந்தின நாள் மாலையே மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டைக் கண்டுபிடித்துவிடலாம். இதழ் நுனி பச்சை மாறி மஞ்சளாகியிருக்கும். காலை ஆறு மணியிலிருந்து எட்டுக்குள் அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிழித்தெறிந்துவிட்டால் நடுவில் மஞ்சள் தூள் படிந்த தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் சூல்முடியில் ஒற்ற வேண்டும். அங்கே சூல்முடி மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், மூன்றிலும் தூள் படிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கத்து விதைகள் மட்டுமே கருவுற்று, காய் ஒருபுறம் பருத்து மறுபுறம் கூம்பிக் கோணலாகும். பீர்க்கங்காயும் வெள்ளரியும் நுனி மெலிந்து வளைந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். வேலை சரியாக நடந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சின் பச்சை ஆழ்ந்து, பளபளத்து, பருக்கத் தொடங்கும்.

தேனீக்கள் இந்த வேலையைச் சும்மா செய்து தந்த காலம் ஒன்று இருந்தது. 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய், இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கொத்துக் கொத்தாக அழித்தது. தேனீ வளர்ப்புக்குப் பெயர்பெற்ற மார்த்தாண்டம் பகுதியில் பெட்டி பெட்டியாகக் காலியானது. அந்த இனம் மெல்ல மீண்டு வந்திருக்கிறது. நகர மாடிகளிலும் தேனீ வரத்தான் செய்கிறது, ஆனால் தோட்டத்தை நிழல் வலையால் முழுக்க மூடி, காலையில் வேப்பெண்ணெய்க் கரைசலும் அடித்தால் அது எப்படி உள்ளே வரும்? பூ விரிந்திருக்கும் நேரத்தில் எதையும் தெளிக்கக் கூடாது, இயற்கைக் கரைசலானாலும் சரி. பரங்கிக்கு மாலையில் தெளிக்கலாம். சுரைக்கும் பீர்க்குக்கும் மாலைத் தெளிப்பே கெடுதல், அவற்றுக்குப் பூ வாடிய முற்பகல்தான் ஏற்ற நேரம். பசுமைக்குடிலில் போடும் வெள்ளரிக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. மகரந்தம் இல்லாமலே காய்க்கும் இரகங்கள் அதற்கென்றே உண்டு. சாதாரண வெள்ளரி விதையை வலைக்குடிலுக்குள் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பிஞ்சு பழுத்து விழுவதைத்தான் பார்க்கலாம்.

பிஞ்சு விழுவதற்கு இன்னொரு காரணம் பழ ஈ. இதையும் மகரந்தக் குறையையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம், வைத்தியமோ முற்றிலும் வேறு. விழுந்த பாகல் பிஞ்சை எடுத்து நெருங்கிப் பாருங்கள். மகரந்தம் கிடைக்காத பிஞ்சு வளராமலே, பூ இருந்த நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கியிருக்கும், தோலில் காயம் இருக்காது. பழ ஈ குத்திய பிஞ்சு ஓரளவு வளர்ந்திருக்கும். தோலில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி, அதன் மேல் தேன்நிறத்தில் உறைந்த ஒரு சொட்டுப் பிசின், அந்த இடத்தில் லேசான வளைவு. நகத்தால் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும். இதற்குக் கவர்ச்சிப் பொறி வைக்கலாம். ஆனால் கியூலூர் பொறிக்கு வருபவை ஆண் ஈக்கள் மட்டுமே என்பதால், பெண் ஈ குத்துவதை அது உடனே நிறுத்திவிடாது. பிஞ்சைப் பழைய துணியாலோ காகிதத்தாலோ பொதிந்து கட்டுவது வீட்டுத் தோட்டத்தில் நம்பகமான வழி. விழுந்ததைப் பந்தலடியில் விட்டுவைக்கக் கூடாது, புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும்.

கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பம். பூவின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே, ஒரே பூவுக்குள் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கும். ஆனால் பூ நிற்கும் கணக்கில் இரண்டும் எதிரெதிர்.

கத்தரிப் பூ தலைகவிழ்ந்து தொங்கும். காம்பை மெல்லப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தால் ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் வட்டமாக நிற்கும். அந்த மஞ்சளுக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு சிறு குமிழ் எட்டிப் பார்த்தால் அது நீண்ட சூல்தண்டுப் பூ, நன்றாகக் காய் பிடிக்கும். குமிழ் மகரந்தப்பைகளின் மட்டத்துக்கே நின்றால் நடுத்தரம், அதுவும் காய்க்கலாம். பச்சையே தெரியவில்லை, மஞ்சளுக்குள் புதைந்திருக்கிறது என்றால் அந்தப் பூ காய்க்காது, எந்தக் கரைசலாலும் அதைக் காய்க்க வைப்பது அரிது. கொத்தாகப் பூக்கும் இரகங்களில் பெரும்பாலும் அடியில் இருக்கும் முதல் பூதான் நீண்ட தண்டுடையது, மற்றவை உதிர்வதற்கே பூப்பவை. எனவே உதிர்ந்த பூவை எண்ணிக் கவலைப்படுவதைவிட, விரிந்த பூக்களில் எத்தனையில் பச்சைக் குமிழ் தெரிகிறது என்று எண்ணுவது பயன் தரும். ஊட்டம் என்ற பேச்சுக்கு உண்மையாகவே இடமுள்ள செடியும் கத்தரிதான். மண் வறண்டு, சத்துக் குறைந்து, செடியில் ஏற்கெனவே காய் நிறையத் தொங்கினால் குட்டைத் தண்டுப் பூக்களின் பங்கு கூடிக்கொண்டே போகும். முற்றிய காய்களைப் பறித்து, கிளைகளை வெட்டிவிட்டு, தொழு உரம் வைத்து நீர் பாய்ச்சினால் அடுத்த சுற்றில் வரும் பூக்களில் மாற்றம் தெரியும்.

கத்தரியில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இலைகள் வரவரச் சிறுத்து, கொத்துக் கொத்தாகப் புதர் மாதிரி நெருங்கி, பூவே பச்சையாகி இலைபோல மாறினால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்பும் நுண்ணுயிரியால் வருவது. அந்தச் செடி இனிக் காய்க்காது. பார்க்கப் பச்சையாக, உயிர்ப்பாக இருப்பதால் பிடுங்க மனம் வராமல் வைத்திருப்பார்கள். பக்கத்துச் செடிகளுக்காக அதை அன்றே பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

தக்காளியில் மகரந்தப்பைகள் ஒட்டிச் சேர்ந்து ஒரு மஞ்சள் கூம்பாக இருக்கும், சூல்முடி அந்தக் கூம்புக்குள்ளே ஒளிந்திருக்க வேண்டும். கத்தரியில் வெளியே நீட்டியிருப்பது நல்ல குறி என்றால் தக்காளியில் அதுவே கெட்ட குறி. கடும் வெயில் நாட்களில் சூல்தண்டு நீண்டு கூம்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். உள்ளே உதிரும் மகரந்தம் அதன்மேல் படாது. மறுநாள் காம்பின் கணு மஞ்சளாகிப் பூ அப்படியே கழன்று விழும்.

இதைவிட ஆழமான பாதிப்பு இரவு வெப்பம். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஃப்ரிட்ஸ் வென்ட், வெப்பத்தைக் கட்டுப்படுத்திய கண்ணாடிக் குடில்களில் தக்காளியை வளர்த்து 1944இல் வெளியிட்ட முடிவு இன்றும் அடிப்படையானது. தக்காளி நன்றாகக் காய் பிடிப்பது இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது. அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் காய்ப்பு குறையும். சென்னையில் மே மாத இரவின் சராசரிக் குறைந்த வெப்பமே 27 டிகிரிக்கு மேல். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மேட்டுநிலத்தில் தக்காளி ஏன் நிற்கிறது, கடற்கரை ஊர் மாடியில் சித்திரையில் ஏன் நிற்பதில்லை என்பதற்கு இந்த ஓர் எண்ணே பெரும்பகுதி விடை. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கின்றன. வெப்பம் தாக்கும் கட்டம் பூ விரியும் நாள் அல்ல, அதற்கு ஏறக்குறைய 8 முதல் 13 நாள் முன்பு மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் கட்டம். இன்று உதிரும் பூ சொல்வது பத்து நாளைக்கு முந்தைய வெக்கையை. நேற்று ஒரு மழை பெய்து குளிர்ந்துவிட்டதே, இன்னும் பூ உதிர்கிறதே என்று குழம்ப வேண்டியதில்லை, இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அந்த வாரத்தில் ஏதாவது கரைசலைத் தெளித்தவர், பிறகு பூ நின்றதும் அந்தக் கரைசலைத்தான் புகழ்வார். மாடித் தோட்டத்தின் பல கைகண்ட மருந்துகளுக்குப் பெயர் வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

வெப்பம் சரியாக இருந்தும் தக்காளி நிற்கவில்லை என்றால் அதிர்வு குறைகிறது என்று பொருள். தக்காளியும் கத்தரியும் மகரந்தத்தை வெளியே வைத்துக் காட்டுவதில்லை. கத்தரியின் ஒவ்வொரு மகரந்தப்பைக்கும் நுனியில் இரு துளைகள், உப்புக் குப்பியைக் கவிழ்த்து உலுக்குவதுபோல உலுக்கினால்தான் தூள் கொட்டும். தக்காளியில் தூள் கூம்பின் உட்புறம் திறந்து நுனி வழியாக வரும். நம் ஊரில் இதைச் செய்பவை மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டும், வயிற்றில் நீலக் கோடுகள் உள்ள நீலப்பட்டைத் தேனீயும். பூவைக் காலால் பற்றிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரச் செய்யும், அந்த ரீங்காரம் கேட்கும் தூரத்தில் நின்றாலே தெரியும். தேன்கூட்டுத் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது, எனவே தக்காளிக்காகத் தேன்பெட்டி வாங்கி வைப்பதில் அதிகப் பயனில்லை. பெல்ஜியத்தில் ரோலண்ட் தெ யோங் என்ற கால்நடை மருத்துவர் பம்பிள் தேனீயைக் கொண்டு பசுமைக்குடில் தக்காளிக்கு மகரந்தம் சேர்க்கலாம் என்று கண்டு, 1987இல் அதைத் தொழிலாகவே தொடங்கினார். அதுவரை ஐரோப்பியக் குடில்களில் ஆட்கள் அதிர்வுக் கருவியோடு செடி செடியாகப் போய்வந்தார்கள். நமக்குக் காற்று வீசும் திறந்த மாடியே பாதி வேலையைச் செய்துவிடும். காற்று படாத பால்கனியில் முற்பகலில் பூக்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டால் போதும். பட்டுப்போன மகரந்தத்தை மட்டும் எந்தச் சுண்டலும் உயிர்ப்பிக்காது. கோடையிலும் தக்காளி வேண்டும் என்பவர் செர்ரித் தக்காளி வைத்துப் பார்க்கலாம், அது ஓரளவு தாங்கும்.

மிளகாயைச் சுருக்கமாகவே சொல்லலாம். இதற்குப் பாட்டில் மருந்துக்கே ஆதாரம் இருக்கிறது. நட்ட 60, 90ஆம் நாட்களில் என்ஏஏ ஊக்கியை 10 பிபிஎம் அளவில் தெளிக்க வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. 4.5 சதவீதத் திரவமாகக் கடையில் விற்கும் பிளானோஃபிக்ஸ் என்றால் நாலரை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி. சற்றுக் கூடுதலாக ஊற்றினால் இன்னும் நிற்கும் என்று நினைப்பது ஆபத்து, அதே ஊக்கி அளவு கூடினால் பூவையும் பிஞ்சையும் உதிர்க்கும். தெளிக்கும் முன் பூவை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்க்க வேண்டும். கோடு கோடாகச் சிறு பூச்சிகள் ஓடினால் அவை இலைப்பேன். 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளைச் சூறையாடிய கறுப்பு இலைப்பேன் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. அது குறிப்பாகப் பூவுக்குள்ளே கூட்டமாக இருந்து தின்னும். அது இருக்கும்போது ஊக்கி தெளிப்பது வீண்.

மணியும் நாளும் போக, மாதக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பந்தல் அவரையைவிடத் தெளிவாகக் காட்டும் செடி வேறில்லை. பகலின் நீளத்தை வைத்துச் செடிகள் பூக்கின்றன என்பதை 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் புகையிலையையும் சோயாவையும் கொண்டு நிறுவினார்கள். நம் அவரையும் அவற்றைப்போலக் குறும்பகல் செடி. தமிழ்நாட்டில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான் உண்டு. அந்தச் சிறு வித்தியாசத்தையும் அவரை உணர்ந்துகொள்கிறது. ஆடியில் ஊன்றினால் நாலு மாதம் படர்ந்து, பகல் சுருங்கச் சுருங்கப் பூத்து, மார்கழி தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மாசியில் ஊன்றினால் கொடி பந்தலை மூடும், எங்கோ இரண்டு பூ தலைகாட்டும், அதுவும் நிற்காது. சிறகவரையும் இப்படித்தான். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல் மழையை மட்டும் கருதியதல்ல, அவரைக்கு அது பகல் நீளத்தின் கணக்கும்கூட. ஆண்டு முழுவதும் வேண்டும் என்பவர் பகல் நீளத்தைச் சாராத குற்றவரை இரகத்தை வாங்க வேண்டும். பந்தல் அவரைக்குப் பங்குனியில் பஞ்சகவ்யம் ஊற்றி ஆவதொன்றுமில்லை.

மாதம் போலவே ஊரும் பொருந்த வேண்டும். சந்தையில் வாங்கிய சௌசௌ முளைவிட்டிருந்தால் அப்படியே மண்ணில் வைத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். கொடியும் நன்றாகவே ஏறும். ஆனால் அது குளிர்ந்த மலைச்சரிவின் பயிர். கோடை வெப்பம் 28 டிகிரியைத் தாண்டும் சமவெளியில் இலை பெருகும், பூவும் பிஞ்சும் உதிரும்.

முருங்கையின் கணக்கு தண்ணீரில் இருக்கிறது. பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 செடி முருங்கை வீடு தோறும் வந்த பிறகு, பூத்து உதிரும் முருங்கை பற்றிய புலம்பலும் வீடு தோறும் வந்துவிட்டது. முதலில் ஓர் உண்மை: முருங்கைக் கொத்து ஒன்றில் எத்தனையோ பூ இருந்தாலும் ஒன்றிரண்டே காயாகும், மரம் இயல்பாகவே மற்றதை உதிர்த்துவிடும். அந்த ஒன்றிரண்டும் நிற்கவில்லை என்றால், குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முருங்கை வறண்ட நிலத்து மரம். பூ வரும் காலத்தில் வேர் ஈரத்திலேயே நின்றால் பூவைக் கொட்டிவிட்டு இலை விடும். தோட்டக்காரர்கள் பூக்கும் முன் நீரைக் குறைத்துக் காயவிடுவதும், காய் நீளும்போது மறுபடி பாய்ச்சுவதும் இதனால்தான். மரம் உயரமாக ஒற்றைத் தண்டாகப் போனாலும் காய் குறையும். 75 சென்டிமீட்டர் உயரத்திலேயே நுனியைக் கிள்ளிக் கிளைக்க விட்டிருக்க வேண்டும். காய்க்காத மரத்தில் பழைய செருப்பைக் கட்டுவதும் விளக்குமாற்றால் அடிப்பதும் கிராமத்தில் இன்னும் நடக்கிறது. அதன் பிறகு காய்த்த மரங்கள் உண்டு. பருவம் வந்ததும் அவை காய்த்திருக்கும் என்பதே என் எண்ணம்.

சில செடிகள் பிறவியிலேயே காய்க்க முடியாதவை. கோவைக்காயில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வேலியில் பறவை போட்ட விதையில் முளைத்த கொடி வெள்ளைப் பூவாகப் பூத்தும் காய்க்கவில்லை என்றால், பூவின் கீழே பிஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது ஆண் கொடி. காய்க்கும் கொடியிலிருந்து குச்சி வெட்டி நடுவதுதான் வழி. பழுபாகலும் அப்படியே, அங்கே பெண் கொடிகளுக்கு நடுவே ஓர் ஆண் கொடியும் வேண்டும். பப்பாளியில் நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கும் பூ ஆண் மரத்துடையது. கோ 2 போன்ற இரகங்களில் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரத்தை விட்டுவைத்து மற்ற ஆண்களை வெட்டிவிடுவார்கள். கோ 7 போன்றவற்றில் பெண் மரமும் இருபால் மரமும் மட்டுமே வருவதால் வீட்டுக்கு ஒரு மரம் வைப்பவருக்கு அதுவே பொருத்தம்.

இனிக் கரைசல்களுக்கு வரலாம். தேங்காய்ப் பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர், அரப்பு இலை சேர்த்த அரப்புமோர், 3 சதவீத அளவில் தெளிக்கும் பஞ்சகவ்யம் ஆகியவற்றை நான் குறைவாக மதிக்கவில்லை. இளநீரில் செடி வளர்ச்சியைத் தூண்டும் பொருள் இருப்பதை வான் ஓவர்பீக் 1941இலேயே ஊமத்தைக் கருக்களில் காட்டினார், பின்னால் அதில் சைட்டோகைனின் கண்டறியப்பட்டது. ஆனால் இளநீர் வேறு, புளித்த தேங்காய்ப் பால் வேறு. ஒன்றின் ஆதாரத்தை மற்றொன்றுக்கு அப்படியே மாற்றிச் சொல்வது நியாயமல்ல. வேர் நன்றாகவும் பருவம் சரியாகவும் உள்ள செடிக்கு இவை கைகொடுக்கலாம். ஆண் பூவைப் பெண்ணாக்கவோ, வெக்கையில் பட்டுப்போன மகரந்தத்தை மீட்கவோ, மாசி அவரையைக் காய்க்க வைக்கவோ இவற்றால் ஆகாது. இன்னொரு பக்கம், அக்கறையுள்ள தோட்டக்காரர்தான் அதிகம் தவறுகிறார். வளர்ப்புப் பையில் பாதி மண்புழு உரம், மேலே கடலைப் பிண்ணாக்குக் கரைசல், வாரம் தவறாமல் மீன் அமிலம் என்று தழைச்சத்தைக் குவித்தால் தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகி உட்புறம் சுருளும், பூ தள்ளிப்போகும். இங்கே மருந்து, ஊட்டத்தை மூன்று வாரம் நிறுத்துவதுதான். கூடவே வெயிலையும் அளந்து பார்க்க வேண்டும். நேர் வெயில் ஆறு மணி நேரம் விழாத இடத்தில் காய்க்கும் செடிகளை வைத்துவிட்டுக் கீரைக்குரிய நிழலில் கத்தரியை எதிர்பார்க்கக் கூடாது. மதியம் ஒருமுறை பை முழுக்கக் காய்ந்தால் அந்த வாரத்து மொட்டுகள் விரியாமலே உதிரும் என்பதும் இதோடு சேரும்.

இத்தனையும் பார்த்த பிறகு செய்ய வேண்டியது, பூவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது. சென்னை மாடியில் தக்காளி என்று எடுத்துக்கொள்வோம். அங்கே இரவு ஓரளவு குளிர்வது மார்கழியிலும் தையிலும்தான், ஜனவரியின் சராசரிக் குறைந்த வெப்பம் 21 டிகிரியை ஒட்டி இருக்கும். வென்ட் சொன்ன எல்லைக்குச் சற்று மேலே என்றாலும் அந்த ஊருக்குக் கிடைப்பதில் சிறந்தது அதுதான். மார்கழி மூன்றாம் வாரத்தில் முதல் பூ விரிய வேண்டும் என்றால், நட்ட 30 நாளில் பூக்கும் என்று வைத்து, கார்த்திகை மூன்றாம் வாரத்தில் நாற்று நட வேண்டும். நாற்றுக்கு 25 நாள் என்றால் ஐப்பசிக் கடைசியில் குழித்தட்டில் விதை விழ வேண்டும். அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம், எனவே குழித்தட்டு கூரைக்கு அடியில், காலை வெயில் படும் பக்கம் இருக்கட்டும். மாசி பாதி வரை விரியும் பூக்கள் நிற்கும். பங்குனியில் உதிரத் தொடங்கும்போது அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு அதே பையில் வெண்டையைப் போடலாம். வெண்டை தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொண்டு வெயிலிலும் காய்க்கும்.